குழாய் எங்கே, குட்டை எங்கே

கனடாவில் அல்பனி ஆறு ஜேம்ஸ் விரிகுடாவில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கஷெச்சுவான் என்று கிரீ எனும் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. 2005 அக்டோபரில் அந்த ஊர்க் குடிதண்ணீரில் ஈ. கோலை கிருமி இருப்பது தெரிந்து, நூற்றுக்கணக்கான பேரை விமானத்தில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். டிவி, பேப்பர் எல்லாவற்றிலும் அதுதான் செய்தி. குளோரின் கருவி, தண்ணீர் நிலையத்தை இயக்கும் ஆபரேட்டர், பயிற்சி என்று பேச்சு எங்கெங்கோ போனது. நடுவில் இன்னொரு தகவலும் வந்தது. ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாய், ஊரின் கழிவுநீர்க் குட்டைக்குக் கீழே, ஆறு ஓடுகிற திசையில் இருந்தது. மேலே குட்டை, கீழே குழாய்.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே உள்ள பூர்வகுடி ஊர்களுக்குப் போய்த் தண்ணீர்ப் பாடம் நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். டொராண்டோ பக்கத்தில் ஒரு நகராட்சி சுத்திகரிப்பு நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பாடத்தைக் கஷெச்சுவானிலிருந்துதான் ஆரம்பிப்பேன். வகுப்பில் இருக்கிறவர்களுக்கு அது புதுச் செய்தி கிடையாது. பாதிப்பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஆனாலும் "தண்ணீரைப் பாதுகாப்பது எப்படி" என்று சொல்லித்தர ஒருவன் தெற்கிலிருந்து வந்து இறங்கினால், "குப்பை போடாதே, கையைக் கழுவு, குழாயை மூடு" என்று ஆரம்பிப்பான் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பை முதல் பத்து நிமிஷத்தில் உடைத்தாக வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடச் சுவரில் "பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள்" என்று பெரிய வண்ணப் போஸ்டர் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் பல் தேய்க்கவே கூடாது என்று அறிவிப்பு அமலில் இருந்த ஊர் அது. போஸ்டரை அனுப்பியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். அதற்குக் கீழேயே பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன.

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் தெரிந்தவர்களிடம் இந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வரும் கேள்வி: "கனடாவிலா? இவ்வளவு ஏரி இருக்கே, அங்கேயா தண்ணிப் பிரச்சினை?" இதற்குப் பதில் சொல்ல வாக்கர்டனுக்குப் போக வேண்டும். அது பூர்வகுடி ஊர் இல்லை, தெற்கு ஒன்டாரியோவில் ஒரு சிறு நகரம். 2000 மே மாதம் அங்கே கனமழை. பக்கத்துப் பண்ணையின் மாட்டு எருவிலிருந்து கிருமி ஒரு ஆழமில்லாத கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் அளவைச் சரியாகப் பார்க்காமலே ஆபரேட்டர்கள் ஏட்டில் எண்களை எழுதிவைத்திருந்தார்கள். 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் படுத்தார்கள். நீதிபதி டெனிஸ் ஓகானர் நடத்திய விசாரணைக்குப் பிறகு மாகாணம் விழித்துக்கொண்டது. 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், 2006இல் தூய நீர்ச் சட்டம். இரண்டாவது சட்டம்தான் எனக்கு முக்கியம். தண்ணீரைச் சுத்திகரிப்பதோடு நிறுத்தாமல், அது எடுக்கப்படும் இடத்தையே காக்க வேண்டும் என்றது. ஊர்க் கிணற்றைச் சுற்றி 100 மீட்டர் வட்டம், அதற்கு வெளியே இரண்டு வருஷத்தில் தண்ணீர் கிணற்றை வந்து சேரும் தூரம் என்று கோடு போட்டு, அதற்குள் எரிபொருள் டேங்க், எரு, கழிவு எதெது இருக்கலாம், எதெது கூடாது என்று முடிவு செய்கிறார்கள்.

பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தின் எல்லையை மிதித்தால் இந்தச் சட்டம் தானாக உள்ளே வராது. 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி பூர்வகுடிகளும் அவர்களுக்கென ஒதுக்கிய நிலமும் கூட்டாட்சி அரசின் பொறுப்பு. அங்கே மாகாணத்தின் தண்ணீர்ச் சட்டம் செல்லாது. அதற்குச் சமமான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 2013இல் வந்தது. பொறுப்பைத் தலையில் கட்டுகிறார்கள், பணத்தைக் காணோம் என்று பூர்வகுடித் தலைவர்கள் எதிர்த்தார்கள். 2022இல் அது ரத்தானது. அடுத்து 2023 டிசம்பரில் சி-61 என்ற மசோதா. நீராதாரத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் என்ற யோசனை அதில் இருந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தபோது அதுவும் செத்துப்போனது. ஆக, டொராண்டோவில் என் வீட்டுக் குழாய்க்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு வடக்கே ஒரு பாட்டியின் வீட்டுக் குழாய்க்கு இல்லை. இதை வகுப்பில் சொல்லும்போது யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. நான்தான் முதல் தடவை இதைப் படித்தபோது நம்பாமல் திரும்பப் படித்தேன்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இரண்டு விதமாக நடக்கும். ஒன்று ஆபரேட்டர்களுக்கு, இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளோடு ஊர்ப் பெரியவர்களும் வந்து உட்காரும் வகுப்பு. இரண்டாவதில் முதல் வேலை வரைபடம். மேஜையளவு தாளில் ஏரியையும் ஆற்றையும் மட்டும் வரைந்து வைத்துவிட்டு, மீதியை அவர்களிடம் விட்டுவிடுவேன். தண்ணீர் எடுக்கும் குழாய், கழிவுநீர்க் குட்டை, குப்பை மேடு, டீசல் டேங்க், விமான ஓடுதளம், பழுதான பனிவண்டிகளைப் போட்டு வைக்கும் இடம், பழைய கல்லறை, மீன் பிடிக்கும் இடம். பிள்ளைகள் அடித்துப்பிடித்து வரைவார்கள். குப்பை மேடு எங்கே என்பதில் சண்டையே வராது. டீசல் டேங்க் பழசு எங்கே இருந்தது, அதை எடுத்தபோது மண்ணை அள்ளினார்களா இல்லையா என்பதில்தான் பெரியவர்களுக்குள் வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தை நான் அப்படியே எழுதி வைத்துக்கொள்வேன். அரசுக் கோப்பில் அது இருக்காது.

ஒரு ஊரில் வரைபடம் முடிந்ததும், குப்பை மேடு குழாய்க்குக் கீழ்ப்பக்கம் இருந்ததால் பரவாயில்லை என்று நான் அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். பின்வரிசையில் ஊரே 'கூக்கும்' என்று கூப்பிடும் ஒரு பாட்டி கையைத் தூக்கினார். அவர் சொன்னதை ஒரு பையன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். வசந்தத்தில் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து வரும்போது கீழே குறுகலான இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் மேலே ஏறும். குப்பை மேட்டைச் சுற்றி நிற்கும். சில நாள் ஆறு பின்னோக்கித்தான் வரும். "அந்த நாட்களில் நாங்கள் ஆற்றுத் தண்ணீரை எடுக்க மாட்டோம். அதற்கு முன்னாலேயே பனிக்கட்டியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். இப்போது குழாய் இருக்கிறது, குழாய் எல்லா நாளும் எடுக்கிறது."

பயிற்சிக் கையேட்டில் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று அம்புக்குறி ஒரே திசையில்தான் போகும். அன்றைக்கு அந்தத் தாளில் சிவப்பு மையால் எதிர்த்திசையில் ஒரு அம்பு போட்டோம். அப்புறம் ஆபரேட்டரோடு நிலையத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினால், ஏப்ரல், மே மாதங்களில் கலங்கல் அளவு சில நாள் எகிறி, பிறகு தணிந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும். மழை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

இந்த மாதிரி வகுப்பில் எனக்கு வேலை குறைவு. எங்கே எது கெடும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எண்ணாக்கி, தேதி போட்டு, தலைநகர் ஒட்டாவாவிலோ தண்டர் பே நகரத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் தட்டிக்கழிக்க முடியாத காகிதமாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் நான் சொல்லித்தர முடியும். எதை எங்கே கட்டுவது என்று முடிவு செய்கிற கூட்டத்தில் ஊர்க்காரர் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பாதுகாப்புக் கல்வி என்று நான் நம்புவது இதைத்தான். நன்னடத்தைப் பாடம் நடத்த வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

எண் எடுப்பதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்கு நீர் மாதிரி எடுக்கும் விதத்தை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் சொல்லித்தருகிறோம். குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்று, முனையைச் சுத்தம் செய், தண்ணீரைக் கொஞ்சநேரம் ஓடவிடு, 100 மில்லிலிட்டர் கோட்டுவரை பிடி, பாட்டிலுக்குள் இருக்கும் வெள்ளைத் தூளைக் கொட்டிவிடாதே (மீதிக் குளோரினை முறிக்க அது வேண்டும்), மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் மூடு, ஐஸ் பெட்டியில் வை. தெற்கில் அதோடு முடிந்தது, கூரியர் வந்து எடுத்துப் போவார். வடக்கே ஐஸ் பெட்டி விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். மூடுபனி என்றால் விமானம் வராது. 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் மாதிரி செல்லாது. ஒழுங்காக எடுத்த மாதிரி விமான நிலையத்துக் கொட்டகையில் கிடந்து வீணாவதைப் பார்க்க ஆபரேட்டருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பல ஊர்களில் சின்னச் சோதனைப் பெட்டி வந்திருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் ஒரு பொட்டலம் தூளைப் போட்டு 35 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்தால், கோலிஃபார்ம் வகைக் கிருமி இருந்தால் மஞ்சளாகும். புற ஊதா விளக்கைக் காட்டும்போது நீலமாக ஒளிர்ந்தால் ஈ. கோலை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த பாடம் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, குட்டைப் பக்கத்தில் எடுத்த பாட்டிலையும் ஏரி நடுவில் எடுத்த பாட்டிலையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் வகுப்பே கத்தும். அடுத்த நாள் நாய் குடிக்கும் கிண்ணத்திலிருந்து, பாட்டி வீட்டு டேங்கிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ பாட்டில் வரும். நான் கொண்டுபோன பொட்டலங்கள் எப்போதும் பற்றாது.

ஆபரேட்டர் வகுப்பின் ருசியே வேறு. வடக்கின் பாசிச் சதுப்பில் ஊறி வரும் தண்ணீர் கறுப்புத் தேநீர் மாதிரி இருக்கும். அழுக்கு இல்லை, மட்கிய தாவரச் சாறு. அதில் நேராகக் குளோரினைப் போட்டால் டிரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத பொருள்கள் உண்டாகும்; கனடாவில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் அனுமதி. ஆகவே முதலில் நிறத்தை இறக்க வேண்டும். ஆறு குடுவைகளில் ஏரித் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசல் விட்டு, துடுப்புகளை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுற்றவிட்டு, நிறுத்திப் பார்ப்போம். கோடையில் கால் மணி நேரத்தில் திரள் திரளாகச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். ஜனவரியில் அதே ஏரித் தண்ணீர் 1 டிகிரிக் குளிரில் அசையவே அசையாது. பழுப்பு நிறம் அப்படியே நிற்கும், நாமும் நிற்போம். படிகாரத்தைக் கூட்டினால் அமிலம் ஏறும். அந்தப் பாறை நிலத்துத் தண்ணீருக்கு அதைத் தாங்கும் சுண்ணச் சத்து கிடையாது. சரிக்கட்டச் சோடா சாம்பல் வேண்டும். அது மூட்டை மூட்டையாகப் பனிக்காலத்தில் உறைந்த ஏரிகள்மேல் போடும் சாலையில்தான் மலிவாக வந்துசேரும். அந்தச் சாலை முன்பைப்போல நீண்டநாள் நிற்பதில்லை. செப்டம்பரில் தீர்ந்தால் விமானத்தில்தான் வரவழைக்க வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒற்றை ஆளாகப் போட்டுக்கொண்டிருக்கிறவர் ஆபரேட்டர். பல ஊரில் அவருக்கு மாற்று ஆளே இல்லை. பம்பு நின்றால் இரவு இரண்டு மணிக்கும் அவர்தான். 2021 பிப்ரவரியில் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் கொடுத்த அறிக்கையில், பூர்வகுடி ஊர்களின் தண்ணீர் ஆபரேட்டர்கள் சம்பளம் மற்ற இடங்களைவிட 30 சதவீதம் குறைவு என்றும், நிலையங்களை நடத்தப் பணம் ஒதுக்கும் கொள்கை 30 வருஷமாக மாறவே இல்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு நல்ல பையனுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், ஏதாவது ஒரு நகராட்சி அவனைக் கொத்திக்கொண்டு போய்விடும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்க்யூட் ரைடர் என்று ஊர் ஊராகப் போய் ஆபரேட்டரோடு அவர் நிலையத்திலேயே நின்று சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாத் திட்டங்களிலும் உருப்படியானது அதுதான். வகுப்பறையில் படிக்கும் பம்பு வேறு, வீட்டு வாசலில் ரிப்பேராகி நிற்கும் பம்பு வேறு.

பிள்ளைகளிடம் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. "கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்" என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நெஸ்கன்டகா என்ற ஊரில் கொதிக்கவைக்கச் சொல்லும் அறிவிப்பு 1995 பிப்ரவரியில் வந்தது, 30 வருஷம் தாண்டியும் எடுக்கப்படவில்லை. அறிவிப்போடு பிறந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். 2020 அக்டோபரில் தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்ததால் ஊரையே காலி செய்து தண்டர் பேயில் ஓட்டல்களில் தங்கவைத்தார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெய் போகாது. பாதரசம் போகாது, தண்ணீர் ஆவியாவதால் மீதியில் இன்னும் அடர்த்தியாகும். கிராசி நேரோஸ் என்ற பூர்வகுடி ஊருக்கு மேலே டிரைடனில் இருந்த ஆலை 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. அது ஆற்றுச் சேற்றிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் போனது, இன்னும் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கூட்டம் போட்டு, சாலை மறித்து, வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீராதாரத்தைக் காப்பதற்கு அவர்களிடம் பாடம் கேட்கத்தான் நான் போக முடியும்.

ஷோல் ஏரிக் கரையில் இருக்கும் ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடி ஊரின் கதையும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ஏரியிலிருந்து வினிபெக் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் 1919இல் முடிந்தது. அந்தத் திட்டத்துக்காக வெட்டிய வாய்க்காலால் ஊர் தீவாகிப்போனது. நகரம் நூறு வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடிக்க, ஊர்க்காரர்கள் 1997 முதல் 2021 வரை கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: "அப்போ யாருடைய தண்ணீரைப் பாதுகாக்கச் சொல்லித்தர்றீங்க சார்?" எட்டாம் வகுப்பு. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, வரைபடத்துக்குத்தான் திரும்பினேன்.

எந்த வகுப்பும் தொடங்குமுன் பெண்கள் தண்ணீருக்குப் புகையிலை வைத்து வணங்குவார்கள். அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் மரபில் தண்ணீரைக் காக்கும் பொறுப்பு பெண்களுடையது. ஜோசஃபின் மண்டமின் என்ற பாட்டி 2003இல் ஒரு செப்பு வாளியில் தண்ணீரை ஏந்திக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அடுத்தடுத்த வருஷங்களில் ஐந்து பேரேரிகளையும் சுற்றி நடந்து முடித்தார். 2019இல் காலமானார். அவருடைய பேத்தி முறையான ஆட்டம் பெல்டியர் 13 வயதில் ஐ.நா.வில் தண்ணீருக்காகப் பேசினாள். வகுப்பில் இதைக் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நிதி கொடுப்பவர்களும் சடங்கின் படம் ஒன்று அறிக்கைக்கு வேண்டும் என்று கேட்பார்கள். அதைப் படம் எடுக்கக் கூடாது, நாங்கள் எடுப்பதில்லை. படத்துக்குப் பதில் கலங்கல் அளவின் கோட்டுப்படத்தை அனுப்பினால் ஒரு மாதிரி மௌனம் வரும்.

வாக்குறுதிகளைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. 2015 நவம்பரில் பூர்வகுடி ஊர்களில் நீண்டகாலக் குடிநீர் எச்சரிக்கை அறிவிப்புகள் 105 இருந்தன, 2021 மார்ச்சுக்குள் எல்லாம் முடியும் என்றார் அப்போதைய பிரதமர் ட்ரூடோ, முடியவில்லை. நிறைய எடுக்கப்பட்டது உண்மை, புதிது புதிதாக வந்ததும் உண்மை. 2021இல் வழக்குத் தொடுத்த ஊர்களோடு 800 கோடி டாலர் சமரசம் ஆனது. புது நிலையங்கள் பளபளவென்று எழுந்திருக்கின்றன. அவற்றை நடத்த ஆளும், அவற்றுக்கு மேலே இருக்கும் ஆற்றைக் காக்க அதிகாரமும் யாரிடம் என்று கேட்டால் பேச்சு அடங்கிவிடும்.

சிவப்பு அம்பு போட்ட ஊருக்கு வருகிறேன். அங்கே புதிதாக ஒரு டீசல் டேங்க் வைக்கத் திட்டம் வந்தது. காட்டிய இடம் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில், குழாய்க்குக் கீழ்ப்பக்கம். திட்டக் காகிதத்தின்படி குறையே சொல்ல முடியாது. ஆபரேட்டர் பையன் பழைய பதிவேட்டிலிருந்து பனி உடையும் வாரங்களின் கலங்கல் எண்களைத் தனியே எடுத்து எழுதினான். பிள்ளைகள் அந்த நாட்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, மரங்களில் அடையாளம் வைத்துப் படம் எடுத்தார்கள். கூக்கும் சொன்னதை இரண்டு மொழியிலும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஊர்த் தலைவர் பெயரில் கடிதம் போனது.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. மேலும் விவரம் தேவையாம். வழக்கமாக இந்த ஒரு வரியிலேயே எல்லாம் படுத்துவிடும். பையன் என்னிடம் கேட்டது வேறு: கலங்கல் மானியை வரும் உடைவுக்காலத்தில் குப்பை மேட்டுப் பக்கத்திலும் ஒரு வாரம் வைத்து அளக்க வேண்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, அடுத்த விமானத்தில் ஒரு பெட்டி அனுப்ப முடியுமா? இரண்டு பெட்டி அனுப்பினேன். சோதனைப் பொட்டலங்களும் கொஞ்சம் கூடுதலாக.